47க்கும் 53க்கும் நடுவில் ஒரு ராத்திரி

கேள்வி: வணக்கம் மேடம். எம்.இ. நீர்வளப் பொறியியல் முதல் செமஸ்டர் படிக்கிறேன். பி.இ. சிவிலில் நல்ல மார்க்தான். இங்கே ஹைட்ராலஜி (நீரியல்) பாடம் மட்டும் மூச்சுவிட விடவில்லை. 4 கிரெடிட். வாரம் ஒரு அசைன்மென்ட், வாரம் ஒரு லேப் ரெக்கார்ட், இரண்டு கள ஆய்வு, கடைசியில் புராஜெக்ட். அடையாறு வடிநிலம் முழுவதற்குமான வெள்ள மாதிரியை எடுத்திருக்கிறேன். 2015 டிசம்பர் மழைதான் கணக்கு. போன வாரம் எண்ணிப் பார்த்தால், இந்த ஒரு பாடத்துக்கே 23 மணி நேரம் போயிருக்கிறது. அதில் ஒரு ராத்திரி முழுக்க எஸ் கர்வ். 36 சதுர கிலோமீட்டர் பரப்பு, 2 மணி நேர மழைக்கான யூனிட் ஹைட்ரோகிராஃப். அதை எஸ் கர்வ் வழியாக 3 மணி நேர மழைக்கு மாற்ற வேண்டும். கர்வ் ஓர் இடத்தில் நிற்காமல் 47, 53, 47, 53 என்று ஆடிக்கொண்டே இருந்தது. மூன்று தடவை முதலிலிருந்து போட்டேன். விடிகாலை 3 மணிக்கு சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதி வைத்துவிட்டேன். சனி, ஞாயிறு ஒரு கன்சல்டன்சியில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டும், அதை விட முடியாது. மற்ற பாடங்கள் கிடப்பில் கிடக்கின்றன. ஒழுங்காகத் தூங்கி மூன்று வாரம் ஆகிறது. இந்தப் படிப்பு எனக்குச் சரிப்படாதா?

– பெயர் வேண்டாம், சென்னை

பதில்:

தம்பி, சரிப்படுமா சரிப்படாதா என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த எஸ் கர்வைப் பிரிப்போம். உங்கள் கடிதத்தில் இருக்கிற பிரச்சினைகளில் முக்கால்வாசி அந்த ஒரு ராத்திரிக்குள்ளேயே இருக்கிறது.

நீங்கள் கணக்கைத் தப்பாகப் போடவில்லை. மூன்று தடவையும் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள். அதனால்தான் மூன்று தடவையும் அதே 47, அதே 53 வந்தது. கூட்டலில் பிழை இருந்திருந்தால் தடவைக்கு ஒரு எண் வந்திருக்கும்.

36 சதுர கிலோமீட்டர் நிலத்தின் மேல் 1 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் 3,60,000 கனமீட்டர். யூனிட் ஹைட்ரோகிராஃப் என்பது அந்த 3,60,000 கனமீட்டரும் ஓடை வழியாக வெளியே போகிற கதை, அவ்வளவுதான். மணிக்கு ஒரு தடவை ஓட்டத்தை எடுத்திருக்கிறீர்கள். ஒரு மணிக்கு 3,600 வினாடி. ஆகவே வினாடிக்கு இத்தனை கனமீட்டர் என்று எடுத்த உங்கள் ஓட்டங்கள் எல்லாவற்றையும் கூட்டினால் 100 வந்தாக வேண்டும். 47ஐயும் 53ஐயும் கூட்டிப் பாருங்கள். 100 வந்துவிட்டது. தண்ணீர் எங்கும் காணாமல் போகவில்லை.

அப்புறம் ஏன் ஆடுகிறது? 2 மணி நேர மழையை நிறுத்தாமல் அடுத்தடுத்துப் பெய்ய வைத்தால் கிடைப்பது எஸ் கர்வ். இரண்டு மணி நேரத்துக்கு 1 சென்டிமீட்டர் வீதம் மழை விழுந்துகொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் விழுவதும் ஓடுவதும் சமமாகிவிடும். 3,60,000ஐ 7,200ஆல் வகுத்தால் 50. உங்கள் கர்வ் போய் நிற்க வேண்டிய இடம் அது. ஆனால் 2 மணி நேரம் தள்ளித் தள்ளிக் கூட்டும்போது ஒற்றைப்படை மணிகளின் ஓட்டம் ஒரு வரிசையாகவும் இரட்டைப்படை மணிகளின் ஓட்டம் இன்னொரு வரிசையாகவும் பிரிந்துவிடுகிறது. இரண்டு வரிசையும் தலா 50 வந்தால் கர்வ் அமைதியாக நிற்கும். ஒன்று 47, இன்னொன்று 53 என்றால் காலத்துக்கும் ஆடும். நீங்கள் இன்னும் பத்துப் பக்கம் போட்டிருந்தாலும் ஆடியிருக்கும்.

இதற்குக் காரணம் உங்கள் கையில் இல்லை, தரவில் இருக்கிறது. மழை 2 மணி நேரம் ஒரே சீராகப் பெய்ததாக நாம் வைத்துக்கொண்டோம். மழைக்கு அது தெரியாது. 1932இல் ஷெர்மன் என்ற பொறியாளர் யூனிட் ஹைட்ரோகிராஃப் முறையைச் சொன்னதிலிருந்து அது வைத்துக்கொண்ட பேச்சுதான். ஆடுகிற கர்வை அப்படியே வைத்து 3 மணி நேரம் தள்ளிக் கழித்து, மூன்றில் இரண்டால் பெருக்கியிருந்தால் வால் பகுதியில் ஒரு மணிக்கு மைனஸ் 4, அடுத்த மணிக்கு பிளஸ் 4 என்று வந்திருக்கும். ஓடை மாறி மாறி மலை ஏறி இறங்குகிற மாதிரி. அங்கே செய்ய வேண்டியது, ஆட்டத்துக்கு நடுவே 50ஐத் தொடும்படி கையால் ஒரு வழவழப்பான கோடு இழுத்து, அந்தக் கோட்டிலிருந்து எண்களைப் படித்துக்கொள்வது. கடைசியில் வருகிற 3 மணி நேர ஓட்டங்களைக் கூட்டி அதுவும் 100 வருகிறதா என்று பார்த்து, கொஞ்சம் முன்பின் இருந்தால் சரிக்கட்ட வேண்டும். பத்து நிமிட வேலை. எங்கள் காலத்தில் பிரெஞ்சு கர்வ் என்று ஒரு பிளாஸ்டிக் அச்சு இருக்கும், அதை வைத்து இழுப்போம். இப்போது அதைக் கடையில் கேட்டால் தையல்காரர் ஸ்கேலைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

இதைப் புரிந்துகொள்ள உங்களுக்கு ராத்திரி முழுக்கத் தேவைப்படவில்லை. பேனாவைத் தொடுவதற்கு முன்னால் "36 சதுர கிலோமீட்டர், 2 மணி நேரம், ஆகவே 50" என்று தாளின் மேல் மூலையில் எழுதியிருந்தால் போதும். 47, 53 வந்த உடனே "இது 50ஐச் சுற்றித்தான் ஆடுகிறது" என்று தெரிந்திருக்கும், 11 மணிக்குப் படுத்திருக்கலாம்.

ஹைட்ராலஜியில் நேரம் தொலைவது பெரும்பாலும் கணக்குப் போடுகிற இடத்தில் இல்லை. கணக்குக்கு முன்னால் இருக்கிற வேலையைத் தவிர்ப்பதால் தொலைகிறது. என்ன விடை வரும் என்று ஒரு மதிப்பு இல்லாமல் உள்ளே இறங்கினால், வந்த விடை சரியா தப்பா என்று தெரியாது. தெரியாததால் மறுபடி போடுவோம்.

எல்லா அத்தியாயத்திலும் இப்படி ஒரு பிடி உண்டு. ஆற்றின் வழியே வெள்ளத்தை நடத்தும் மஸ்கிங்கம் முறையில் மூன்று குணகங்களைக் கூட்டினால் 1 வர வேண்டும். வராவிட்டால் அடுத்த வரிக்கே போகாதீர்கள். எவ்வளவு பெரிய வெள்ளம் எத்தனை வருடத்துக்கு ஒரு தடவை வரும் என்று கணிக்கிற கம்பெல் முறையில் சராசரி வெள்ளம் 2.33 வருடத்துக்கு ஒரு தடவை என்ற இடத்தில் உட்கார வேண்டும். ஏரியின் வழியே வெள்ளத்தை நடத்தும் கணக்கில், வெளியேறும் ஓட்டத்தின் உச்சம் உள்ளே வரும் ஓட்டத்தின் இறங்குமுகக் கோட்டை வெட்டுகிற இடத்தில்தான் இருக்கும், கலங்கலில், அதாவது உபரிநீர் வழிகிற இடத்தில், கதவு இல்லை என்றால். ஓடி வந்த தண்ணீர் பெய்த மழையைவிட அதிகமாக இருக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னது சிரிப்பாக இருக்கும், ஆனால் நான் விருந்தினர் விரிவுரைக்குப் போகிற இடங்களில் வருடம் தவறாமல் யாராவது 5 சென்டிமீட்டர் மழைக்கு 7 சென்டிமீட்டர் ஓட்டம் என்று எழுதிக் கொடுக்கிறார்கள்.

இப்போது உங்கள் 23 மணி நேரத்துக்கு வருகிறேன். 2023இல் வந்த தேசியக் கிரெடிட் சட்டகம் ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரக் கற்றல் என்று வைக்கிறது. வகுப்பு, லேப், வீட்டில் படிப்பது, தேர்வு எல்லாம் சேர்த்து. 4 கிரெடிட் என்றால் 120 மணி. 15 வாரம் என்று வைத்தால் வாரத்துக்கு 8 மணி. உங்களுடையது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நிஜத்தில் எட்டு மணிக்குள் இந்தப் பாடத்தை முடிக்கிற மாணவரை நான் பார்த்ததில்லை. பத்து, பன்னிரண்டு ஆகும். அதற்கு மேல் போகிற 11 மணி எங்கே என்பதுதான் கேள்வி.

ஒரு வாரம் மட்டும் எழுதி வையுங்கள். செல்போன் ஆப் எதுவும் வேண்டாம், நோட்டின் கடைசிப் பக்கம் போதும். எத்தனை மணியிலிருந்து எத்தனை வரை, என்ன வேலை. "ஹைட்ராலஜி" என்று எழுதக் கூடாது. "மழைத் தரவை எக்செலில் ஏற்றினேன்", "கிராஃபை மையால் திரும்ப வரைந்தேன்", "இன்ச்சா மில்லிமீட்டரா என்று தேடினேன்" என்று எழுத வேண்டும். நான் பந்தயம் கட்டுகிறேன், பாதிக்கு மேல் அலகு மாற்றுவதிலும் ரெக்கார்டை அழகுபடுத்துவதிலும் போயிருக்கும்.

அலகுகளுக்கு ஒரு அட்டை செய்யுங்கள். நம் ஊரில் இது கூடுதல் தலைவலி. பாடப்புத்தகம் கனமீட்டரில் பேசுகிறது, செய்தித்தாளும் அணைக்கட்டுப் பதிவேடும் கனஅடியிலும் டிஎம்சியிலும் பேசுகின்றன. ஒரு கனமீட்டருக்கு 35.31 கனஅடி. ஒரு டிஎம்சி 2.83 கோடி கனமீட்டர். வினாடிக்கு 11,574 கனஅடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி. நாங்கள் பதினோராயிரத்து ஐந்நூறு என்றே வாய்க்கணக்குப் போடுவோம். ஒரு சதுர கிலோமீட்டரில் 1 சென்டிமீட்டர் மழை 10,000 கனமீட்டர். இந்த நான்கும் மனப்பாடம் ஆகிவிட்டால் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் மிச்சம் என்று தாராளமாகச் சொல்வேன்.

உங்கள் புராஜெக்ட் சம்பந்தப்பட்டதையே எடுத்துக்கொள்ளுங்கள். செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3.645 டிஎம்சி. 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு அங்கிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி திறந்துவிட்டார்கள். கனமீட்டரில் சுமார் 820. அதே வேகத்தில் ஒரு நாள் முழுக்கத் திறந்தால் இரண்டரை டிஎம்சி, அதாவது நிறைந்த ஏரியில் மூன்றில் இரண்டு பங்கு. இந்த எண்கள் மனதில் இருந்தால், உங்கள் மாதிரி அந்த இடத்தில் 8,000 கனமீட்டர் என்று காட்டும்போது மென்பொருளை மூடிவிட்டு அலகைத் தேடுவீர்கள். இல்லாவிட்டால் மூன்று நாள் அதன் அமைப்புகளை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

அலகு மாதிரியே நேரமும் ஒரு பொறி. இதில் நான் விழுந்ததைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அலுவலகத்தில் ஒரு நீர்த்தேக்கத்தின் வரத்தையும் மழையையும் ஒப்பிட்டு அறிக்கை தரச் சொன்னார்கள். இரண்டு வாரம் உழைத்துக் கிராஃப் போட்டேன். மழைக்கு ஒரு நாள் முன்னாலேயே வெள்ளம் வந்திருந்தது. எனக்கு அழுகை வராத குறை. பதிவேடு எழுதுகிறவரைச் சந்தேகப்பட்டேன், மழைமானியைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் அங்கே மதகைத் திறந்து மூடுகிற வயதான லஸ்கர் ஒருவர்தான் கேட்டார்: "ஏம்மா, மழைய எத்தன மணிக்கு அளக்குறாங்க?" காலை 8.30க்கு. இன்றைக்குக் காலை 8.30க்கு அளப்பது நேற்றுக் காலையிலிருந்து பெய்தது, ஆனால் பதிவாவது இன்றைய தேதியில். வரத்தோ நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை கணக்கு. நேற்று மத்தியானம் பெய்த மழை நேற்று ராத்திரியே ஏரிக்கு வந்துவிட்டது, காகிதத்தில் மட்டும் மழை இன்றைக்குப் பெய்கிறது. இரண்டு வார வேலை ஒரு கேள்வியில் தீர்ந்தது. உங்கள் 2015 கணக்கிலும் இது வரும். தாம்பரத்தின் 49 சென்டிமீட்டர் டிசம்பர் 2ஆம் தேதிக் காலைக் கணக்கில் இருக்கும். அது பெரும்பாலும் 1ஆம் தேதி பெய்த மழை.

புராஜெக்டைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்லப் போகிறேன். அடையாறு வடிநிலம் முழுக்க என்பது ஒரு செமஸ்டருக்கு உரிய வேலை இல்லை. அது ஒரு முனைவர் பட்ட வேலை, இல்லாவிட்டால் ஒரு குழுவின் வேலை. காரணம் பரப்பளவு இல்லை, ஏரிகள். அடையாற்றின் மேல்பகுதி முழுக்க ஒன்று நிறைந்து அடுத்ததற்கு வழிகிற தொடர் ஏரிகள். நீங்கள் 30 மீட்டர் கட்டம் போட்ட செயற்கைக்கோள் உயர மாதிரியை க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றி நீர்ப்பிடிப்புப் பகுதியைப் பிரிக்கச் சொல்வீர்கள். அது முதலில் பள்ளங்களை நிரப்பும், அந்தக் கட்டளையின் வேலையே அதுதான். மலைப்பகுதியில் அது நல்ல காரியம். நம் சமவெளியில் அது ஏரிகளைப் பள்ளம் என்று நினைத்துத் தூர்த்துவிடும். பல தலைமுறையாக ஊர்க்காரர்கள் கட்டிக் காத்த ஏரியை ஒரு பொத்தானில். அதன் பிறகு ஓடை தன் இஷ்டத்துக்குத் தெருவில் ஓடும். மாணவர்கள் வாரக்கணக்கில் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். வெளியே இருந்து பார்த்தால் "சாஃப்ட்வேர் தெரியவில்லை" என்று தெரியும், உண்மையில் நிலம் அப்படி.

ஆகவே சுருக்குங்கள். மணிமங்கலம் மாதிரி ஒரே ஏரி, அதற்குத் தண்ணீர் தருகிற நிலம், ஒரே மழை நிகழ்வு. எவ்வளவு வந்தது, ஏரி எவ்வளவு பிடித்தது, கலங்கல் வழியாக எவ்வளவு வழிந்தது. இதற்கு நிலப்படத்தில் கையாலேயே எல்லை வரையலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இல்லாவிட்டாலும் ஏதோ ஒரு விடுமுறை நாளில் நேரில் போய் மதகையும் கலங்கலையும் பார்த்துவிட்டு வரலாம். கலங்கலின் நீளத்தை நீங்களே டேப் பிடித்து அளந்தது என்று வைவாவில் சொல்ல முடிந்தால் அதற்கு இருக்கிற மதிப்பே தனி.

சுருக்கியதிலும் எங்கே உழைப்பது, எங்கே விடுவது என்று ஒரு கணக்கு இருக்கிறது. உதாரணத்துக்கு கர்வ் நம்பர், அதாவது பெய்த மழையில் எவ்வளவு ஓடும் என்று கணக்கிட நிலத்துக்குக் கொடுக்கிற எண். நிலப் பயன்பாட்டை வகை பிரித்து, மண் வகையோடு பொருத்தி, கட்டம் கட்டமாகக் கர்வ் நம்பர் போடுவதில் மாணவர்கள் இரண்டு வாரம் செலவழிக்கிறார்கள். 49 சென்டிமீட்டர் மழைக்குக் கர்வ் நம்பர் 80 என்று வைத்தால் ஏறக்குறைய 42 சென்டிமீட்டர் ஓடுகிறது. 90 என்று வைத்தால் 46. பத்துப் புள்ளி மாற்றத்துக்கு ஒன்பது சதவீதம்தான் வித்தியாசம். மண் எப்போதோ நனைந்துவிட்டது, அதற்கு மேல் பெய்வதெல்லாம் ஓடத்தான் செய்யும். அதே 5 சென்டிமீட்டர் மழையாக இருந்தால் 80க்கு 1.4 சென்டிமீட்டர், 90க்கு 2.7. இரண்டு மடங்கு. சின்ன மழையை ஆராய்கிறவர் கர்வ் நம்பருக்காக உயிரைக் கொடுக்கலாம். நீங்கள் எடுத்திருப்பது 2015. ஒரு சராசரி எண்ணை வைத்துக்கொண்டு, மேலே சொன்ன இரண்டு எண்களையும் அறிக்கையில் போட்டு, "ஆகவே இதில் நேரம் செலவழிக்கவில்லை" என்று எழுதுங்கள். வழிகாட்டி ஆசிரியர் திட்ட மாட்டார். என்னிடம் ஒரு மாணவர் அப்படி எழுதிக் கொடுத்தால் நான் மற்ற பக்கங்களைப் புரட்டாமலே நல்ல மார்க் போடுவேன். அந்த இரண்டு வாரத்தை மழையின் மணிவாரிப் பிரிவைத் தேடுவதில் செலவழியுங்கள். வெள்ளத்தின் உச்சம் அதைத்தான் நம்பியிருக்கிறது.

தலைப்பைச் சுருக்குவதற்கு ஆசிரியரிடம் எப்படிப் பேசுவது என்று யோசிப்பீர்கள். "சார், வேலை அதிகமா இருக்கு" என்று போனால் "எல்லாருக்கும்தான் இருக்கு" என்பார். அவர் சொல்வதும் சரி. ஒரே ஒரு தாள் கொண்டு போங்கள். ஒரு பக்கம் பள்ளம் நிரப்பியதில் காணாமல் போன ஏரியின் படம், இன்னொரு பக்கம் நீங்கள் செய்ய நினைக்கிற ஒரு ஏரியின் வரைபடம். "முழு வடிநிலத்தில் இது வருகிறது, இதைச் சரிசெய்ய இந்தச் செமஸ்டரில் நேரம் இல்லை, இந்த ஒரு ஏரியை ஆழமாகச் செய்யட்டுமா?" நான் இதுவரை பார்த்த எந்த ஆசிரியரும் இதற்கு மாட்டேன் என்று சொன்னதில்லை. சொல்கிறவர் இருந்தால் அது உங்கள் துரதிர்ஷ்டம். அப்போதும் ஒரு ஏரியை முதலில் முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போங்கள்.

வார அசைன்மென்டுக்கு ஒரே ஒரு பழக்கம் போதும். கொடுத்த அன்றைக்கே இருபது நிமிடம். கணக்கைப் போடாதீர்கள். கேள்வியைப் படித்து, பரப்பு எவ்வளவு, இடைவெளி எவ்வளவு, அலகு என்ன, விடை எங்கே வந்து நிற்க வேண்டும், எது கொடுக்கப்படவில்லை என்று எழுதி மூடி வையுங்கள். மறுநாள் வகுப்பில் கேட்க ஒரு கேள்வி தானாகக் கிடைக்கும், அதற்குள் உங்கள் மனசும் பின்னணியில் கொஞ்சம் வேலை பார்த்திருக்கும். சமர்ப்பிக்க வேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரி திறந்தால் கேட்பதற்கு ஆளே கிடையாது, சீனியர் ரெக்கார்டைத் தவிர. கணக்கில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் ஒரே இடத்தில் சுற்றினால் எழுந்துவிடுங்கள். எங்கே சிக்கியது என்று ஒரு வரி எழுதிவிட்டு எழுந்திருங்கள்.

எக்செலில் ஒரே ஒரு கோப்பு வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறைக்கும் ஒரு தாள் செய்துவிடலாம். ஆனால் முதல் மூன்று வரியைக் கையால் போட்டு, எக்செலின் முதல் மூன்று வரியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகு. ரெக்கார்டில் கிராஃபைக் கையால்தான் வரைய வேண்டுமா, அச்சடித்து ஒட்டலாமா என்று நேராகக் கேட்டுவிடுங்கள். மூன்று கலர் மையில் வரைந்ததற்கு மார்க் கிடையாது.

கேட்பது என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கிணற்றுச் சோதனை அத்தியாயத்தில் தைஸ் சமன்பாடு வரும், 1935. தைஸ் நிலவியல் தெரிந்தவர். நிலத்தடி நீர் கிணற்றை நோக்கி வருவது வெப்பம் பரவுவது மாதிரி இருக்கிறது என்று அவருக்குப் பட்டது, ஆனால் அந்தக் கணிதம் அவர் கையில் இல்லை. கிளாரன்ஸ் லூபின் என்ற கணித நண்பருக்கு எழுதிக் கேட்டார். பதில் வந்தது, சமன்பாடு பிறந்தது. இன்றைக்கும் ஆழ்துளைக் கிணற்றுச் சோதனையில் அதுதான் ஓடுகிறது. நீங்கள் ஒரே கணக்கை மூன்று தடவை போட்டீர்கள், பக்கத்து அறையில் தூங்குகிற ஒருவரை எழுப்பிக் கேட்கவில்லை. விடாமுயற்சி என்று அதைப் பாராட்ட எனக்கு மனசு வரவில்லை. மூன்று பேர் சேருங்கள். மழைத் தரவைச் சுத்தம் செய்வதைப் பங்கு போடுங்கள், கணக்கைப் பங்கு போடாதீர்கள். ஆளுக்கு ஒரு தடவை போட்டு கடைசி எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள்.

சனி, ஞாயிறு வேலையை விடச் சொல்ல மாட்டேன். காரணம் சொல்லியிருக்கிறீர்கள், போதும். இன்டர்னல் தேர்வு வருகிற மூன்று வாரங்களின் தேதியை இப்போதே எழுதிக் கொடுத்து, அந்த ஞாயிறுகளில் விடுப்பு கேட்டு வையுங்கள். முந்தின நாள் கேட்டால் கிடைக்காதது ஒரு மாதம் முன்னால் கேட்டால் கிடைக்கும். கன்சல்டன்சியில் மழைநீர் வடிகால் வேலை நடந்தால் அதில் போடச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் நஷ்டம் இல்லை.

மூன்று வாரத் தூக்கம் எனக்குக் கவலையாக இருக்கிறது. வேலை குறைந்தும் தூக்கம் வராவிட்டால், அல்லது காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை என்றால், அது ஹைட்ராலஜியின் பிரச்சினை இல்லை. மனநல உதவிக்கான டெலி மானஸ் இலவச எண் 14416. தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும். கல்லூரியில் ஆலோசகர் இருந்தால் அவரிடமும் போங்கள். இதை நாளைக்கு என்று தள்ள வேண்டாம்.

சரிப்படாதா என்று கேட்டீர்கள். 47, 53 என்று வந்ததைப் பார்த்து உங்களுக்கு உறுத்தியது பாருங்கள், அது எல்லோருக்கும் உறுத்துவதில்லை. ஆடுகிற கர்வை அப்படியே கழித்து மைனஸ் 4 என்று எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களின் தாளை நான் திருத்தியிருக்கிறேன். உங்களுக்குச் சரிப்படும்.

அந்த ரெக்கார்டை மட்டும் திருத்துங்கள். திருத்தத்துக்குப் போயிருந்தால், "ஒரு பக்கம் மாற்றித் தருகிறேன்" என்று சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். சீனியர் வரைந்த கர்வின் முடிவைப் பாருங்கள், எவ்வளவு அமைதியாக 50இல் போய்ப் படுக்கிறது. கேள்வி ஒன்றேதான், எண்களும் அதே எண்கள். அவருக்கும் 47, 53தான் வந்திருக்கும். கையால் கோடு இழுத்துவிட்டு, எழுதாமல் விட்டுவிட்டார். நீங்கள் உங்கள் 47, 53ஐ அப்படியே புள்ளியாக வைத்து, நடுவில் கோட்டை இழுத்து, பக்கத்தில் ஏன் என்று இரண்டு வரி எழுதிக் கொடுங்கள்.